உங்கள் வகுப்பை யார் பார்ப்பது?

கேள்வி: எனக்கு வயது 27. சொந்த ஊர் வவுனியா. வெளிவாரிப் பட்டம் முடித்துவிட்டு இரண்டு வருடங்களாகக் கொழும்பில் இருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் தரம் 6 முதல் சாதாரண தரம் வரை ஆங்கிலம் கற்பிக்கிறேன். முறையான ஆசிரியப் பயிற்சி எதுவும் பெறவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கில ஆசிரியர் பாடநெறிகள் ஆறேழில் பதிந்தேன், ஒன்றையும் முடிக்கவில்லை. இப்போது ஒரு விளம்பரம் அடிக்கடி வருகிறது. 120 மணி நேர 'டெஃபல்' பாடநெறி முழுவதும் இலவசம், சான்றிதழுக்கு மட்டும் 18,000 ரூபா, சர்வதேச அங்கீகாரம் உண்டு என்கிறார்கள். கட்டலாமா? எந்த இலவசப் பாடநெறி நல்லது? அதை வைத்து வீட்டிலிருந்தே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியுமா? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் தமிழ்மொழி மூலம் படித்தவள். ஒரு பிள்ளையின் பெற்றோர் என்னிடம் பேசிவிட்டுப் போய், 'ரீச்சரின் இங்கிலிஷ் ஊர் இங்கிலிஷ்' என்று நிர்வாகியிடம் சொன்னார்களாம். அன்றிலிருந்து வகுப்பில் வாய் திறக்கவே கூசுகிறது.
– வாசகி, வெள்ளவத்தை

அன்புத் தங்கைக்கு,

அந்த 18,000 ரூபாவைக் கட்ட வேண்டாம். மற்றவற்றைப் பிறகு பேசுவோம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட விளம்பரங்களில் 'இன்றிரவு வரை மட்டும்' என்று ஒரு வரி இருக்கும், நல்ல பிள்ளைகள் அந்த வரியைப் பார்த்துப் பதறிப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

'டெஃபல்' என்பது ஒரு தொழிலின் பெயர். ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பித்தல் என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். அந்தப் பெயரில் யாரும் பாடநெறி தொடங்கலாம், யாரும் சான்றிதழ் அச்சிடலாம். 120 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். கேம்பிரிட்ஜ் நடத்தும் செல்ட்டா என்ற ஆங்கில ஆசிரியர் தகைமைக்குக் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி உண்டு. லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் ஆசிரியர் சான்றிதழுக்கு 130 மணி நேரம். ஆனால் இரண்டிலும் அந்த மணிக்கணக்குக்குள் ஆறு மணி நேரம் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆறு மணி நேரமும் நீங்கள் உண்மையான மாணவர்களுக்குக் கற்பிப்பீர்கள். பயிற்றுநர் ஒருவர் பின்னால் இருந்து குறிப்பெடுப்பார். வகுப்பு முடிந்ததும் எங்கே தவறினீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வார். உங்களுக்கு வரும் விளம்பரம் 120 என்ற எண்ணைக் காட்டுகிறது. அந்த ஆறு மணி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

'அங்கீகாரம்' என்று சொன்னால் யார் அங்கீகரித்தது என்று கேளுங்கள். இங்கிலாந்தில் தகைமைகளை ஒழுங்குபடுத்தும் அரச அமைப்பின் பெயர் ஒஃப்குவால். அதன் பதிவேட்டை இணையத்தில் எவரும் காசில்லாமல் பார்க்கலாம். இங்கிலாந்துச் சான்றிதழ் என்று விற்பவர்கள் சொல்லும் தகைமையின் பெயரை அதில் தேடுங்கள். ஐந்து நிமிட வேலை, 18,000 ரூபா மிச்சம்.

இனி இலவசப் பாடநெறிகள். நான் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கி இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. நான் படித்த காலத்தில் நல்ல பயிற்சி நூல் ஒன்றைத் தொடுவதற்கே கொழும்பு 3இல் அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸில் இருக்கும் பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்குப் போய் உட்கார வேண்டும். இன்று அதே அறிவு உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்து சேருகிறது. இலவசம் என்பதால் தரம் குறைவு என்று நினைக்காதீர்கள்.

பிரிட்டிஷ் கவுன்சிலின் 'டீச்சிங் இங்கிலிஷ்' தளத்தில் ஆசிரியர்களுக்கான பாடநெறிகள் கட்டணமின்றி இருக்கின்றன. பயிற்சி இல்லாமல் வகுப்புக்குள் வந்தவர்கள் அங்கே தொடங்குவதுதான் நல்லது. பியூச்சர்லேர்ன் தளத்திலும் ஆங்கில ஆசிரியர்களுக்கான பாடநெறிகள் உண்டு. இணையவழியில் கற்பிப்பது பற்றிக் கேம்பிரிட்ஜ் தயாரித்த ஒன்றும் அங்கே வந்தது. அங்கே படிப்பது ஒரு குறிப்பிட்ட காலம் வரை இலவசம், சான்றிதழுக்குக் காசு. அமெரிக்காவின் அரிசோனா அரச பல்கலைக்கழகத்தின் 'டீச் இங்கிலிஷ் நவ்' கோர்செரா தளத்தில் இருக்கிறது. நீளமானது, ஒழுங்கானது. முழுவதும் இலவசமாகத் திறக்காவிட்டால் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் படிவம் அங்கேயே இருக்கிறது. ஏன் படிக்க விரும்புகிறீர்கள், ஏன் கட்ட முடியவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்தப் படிவம் உங்களைப் போன்றவர்களுக்காகவே வைக்கப்பட்டது.

இவை எல்லாவற்றையும்விட உங்கள் வகுப்புக்கு நெருக்கமாக நான் கருதுவது வேறொன்று. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தின் ஓப்பன்லேர்ன் தளத்தில் 'டெஸ் இந்தியா' என்ற தொகுதி இருக்கிறது. இந்திய ஆசிரியர்களுக்காகத் தயாரிக்கப்பட்டது. ஆரம்பப் பிரிவுக்கு ஆங்கிலம், இடைநிலைப் பிரிவுக்கு ஆங்கிலம் என்று தனித்தனி அலகுகள், வகுப்பறை ஒளிப்பதிவுகள். மற்றப் பாடநெறிகளில் பன்னிரண்டு பேர் அரைவட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், ஆளுக்கொரு கதிரை, சுவரில் பெரிய திரை. டெஸ் இந்தியாவில் பிள்ளைகள் நெருக்கியடித்து இருக்கிறார்கள், ஆசிரியையிடம் வெண்கட்டியும் பாடநூலும்தான். கொட்டாஞ்சேனையில் மின்விசிறிச் சத்தத்துக்குள் கற்பிக்கும் உங்களுக்கு எது உதவும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அலகுகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம், டேட்டாவும் மிச்சம்.

நம் நாட்டில் இருப்பதையும் விட்டுவிடாதீர்கள். மஹரகமவில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகம் ஒவ்வொரு தரத்துக்கும் ஆசிரியர் வழிகாட்டிகளை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. ரியூசன் ஆசிரியர்களில் பலர் கடந்தகால வினாத்தாள்களை மட்டுமே வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறார்கள். வழிகாட்டியை ஒருமுறையாவது திறந்து பார்த்தவர்கள் குறைவு. தரம் 8 பாடநூலின் ஓர் அலகு எதற்காக அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று அதைப் படித்தால்தான் விளங்கும்.

ஆனால் தங்கையே, உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் 'ஆறேழில் பதிந்தேன்' என்ற வரி. பாடநெறி கிடைக்காதது உங்கள் பிரச்சினை இல்லை. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றிலிருந்து பெயரை நீக்கிவிடுங்கள். வாரத்தில் இரண்டு இரவுகள், இரவுக்கு நாற்பது நிமிடங்கள் போதும். காலி வீதி பஸ்ஸில் நின்றுகொண்டு காணொளி பார்ப்பதைப் படிப்பாக எண்ண வேண்டாம். களைத்த உடம்பில் அது தங்காது. அந்த வாரம் படித்ததில் ஒரே ஒரு விடயத்தை, அதே வாரம், உங்கள் தரம் 8 வகுப்பில் செய்து பார்க்க வேண்டும். செய்து பார்க்காமல் அடுத்த அலகுக்குப் போகாதீர்கள். இந்த ஒரு நிபந்தனையை வைத்தவர்கள் பாடநெறியை முடித்ததை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்ததுதான் முக்கியம். இலவசப் பாடநெறி எல்லாம் தரும். உங்கள் வகுப்பைப் பின்னால் இருந்து பார்க்கும் ஆளை மட்டும் தராது. செல்ட்டாவுக்குப் பெரிய பணம் கட்டுகிறவர்கள் உண்மையில் அந்த ஆளுக்காகத்தான் கட்டுகிறார்கள். அந்த ஆளை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். அதே நிலையத்தில் கணிதமோ விஞ்ஞானமோ கற்பிக்கும் ஒரு தோழி போதும். அவர் ஆங்கிலம் தெரிந்தவராக இருக்கவேண்டியதில்லை. எந்தப் பிள்ளை பேசியது, எது பேசவில்லை என்று கோடு போட்டால் போதும். அவரும் கிடைக்காவிட்டால் உங்கள் கைத்தொலைபேசி இருக்கிறது. நிர்வாகியிடம் சொல்லிவிட்டு, குரலை மட்டும் பதிவுசெய்யுங்கள். பிள்ளைகளின் முகம் வேண்டாம், பதிவு யாருக்கும் போகவும் வேண்டாம்; கேட்டுக் குறிப்பெடுத்ததும் அழித்துவிடுங்கள்.

நான் கற்பிக்கத் தொடங்கி மூன்றாவது வருடம், ஒரு சின்ன ஒலிநாடாக் கருவியை மேசை லாச்சிக்குள் வைத்து என் வகுப்பை நானே பதிவுசெய்தேன். நாற்பது நிமிடப் பாடம். வீட்டுக்கு வந்து கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டால், முப்பத்து மூன்று நிமிடங்கள் நான்தான் பேசியிருக்கிறேன். 'விளங்கியதா?' என்று பதினொரு தடவை கேட்டிருக்கிறேன். பதினொரு தடவையும் 'ஓம் ரீச்சர்' என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் பதில் சொல்லியிருக்கிறது. மறுநாள் பயிற்சிக் கொப்பிகளைத் திறந்தபோது பாதிக்கு மேல் பிழை. பேச்சு வகுப்பு என்று பெயர் வைத்து நான் அந்தப் பிள்ளைகளைப் பேசவிடவே இல்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த ஒலிநாடா காட்டியதை எந்தப் பாடநெறியும் எனக்குக் காட்டியிருக்காது.

'விளங்கியதா?' என்ற கேள்விக்குப் பதிலாக என்ன கேட்பது? எல்லாப் பாடநெறிகளும் கற்றுத்தரும் ஒரு நுட்பம் இருக்கிறது: பொருள் பிடிபட்டதா என்று சோதிக்கும் குறுங்கேள்விகள். அதை உங்கள் ஊரை வைத்தே காட்டுகிறேன், ஏனென்றால் 'ஊர் இங்கிலிஷ்' என்ற பேச்சுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

'ஷீ ஹேஸ் கான் டு வவுனியா', 'ஷீ ஹேஸ் பீன் டு வவுனியா.' இரண்டையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'அவள் வவுனியாவுக்குப் போயிருக்கிறாள்.' இரண்டுக்கும் ஒரே வாக்கியம்! தமிழில் 'போயிருக்கிறாள்' என்றால் இப்போது அங்கே நிற்கிறாள் என்றும் பொருள்படும், என்றைக்கோ போய் வந்திருக்கிறாள் என்றும் பொருள்படும்; எது என்பதைப் பேச்சின் சந்தர்ப்பம் சொல்லும். ஆங்கிலம் அப்படி விடுவதில்லை, சொல்லையே மாற்றுகிறது: இன்னும் அங்கே நின்றால் 'கான்', போய் வந்துவிட்டால் 'பீன்'. தமிழ்ப் பிள்ளை இந்த இரண்டையும் குழப்புவது படிப்பில் கவனம் இல்லாததால் அல்ல. தன் மொழி இரண்டாகப் பிரிக்காத ஒன்றை அந்த மொழி பிரிப்பதால். இதைத் தெரியாத ஆசிரியர் விதியைக் கரும்பலகையில் எழுதி, 'விளங்கியதா?' என்பார். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: அவள் இப்போது கொழும்பில் இருக்கிறாளா? நான் இப்போது இந்த வகுப்புக்கு அவளைக் கூப்பிட முடியுமா? பிறகு இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லி, அதே கேள்விகளைத் திரும்பக் கேளுங்கள். பதில் மாறும். 'ஓம் ரீச்சர்' என்ற ஒரே பதிலால் இந்தக் கேள்விகளிலிருந்து தப்ப முடியாது. விளங்காத பிள்ளை யார் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

உச்சரிப்பையும் பாருங்கள். பன்றிக்கான ஆங்கிலச் சொல்லையும், 'பெரிய' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பிக்' தான். நம் ஒரே பகரம் அங்கே இரண்டு ஒலிகளுக்கு வேலை செய்கிறது. பஸ் டிக்கெட்டை நீளவாக்கில் ஒரு மெல்லிய கீற்றாகக் கிழித்து, உதட்டுக்கு முன்னால் தொங்கவிடுங்கள். பன்றியைச் சொன்னால் தாள் துள்ள வேண்டும். பெரியதைச் சொன்னால் அநேகமாக அசையாது, தொண்டையில் கை வைத்தால் அதிர்வு தெரியும். தரம் 6 பிள்ளைகளிடம் செய்து பாருங்கள், மணி அடித்த பிறகும் தாளைக் கீழே வைக்க மாட்டார்கள்.

கொழும்பு 7இல் ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு இந்த இரண்டும் எப்போதாவது இடறியிருக்குமா? இடறாத இடத்தில் கல் இருப்பது எப்படித் தெரியும்? நீங்கள் அந்தக் கல்லில் இடறி விழுந்து எழும்பியவர். தமிழ்மொழி மூலம் படித்து ஆங்கில ஆசிரியையானவருக்கு, பிள்ளை எந்த வளைவில் தடுமாறும் என்று முன்கூட்டியே தெரியும். அது ஒரு தொழில் அறிவு. அந்தப் பெற்றோருக்கு அது தெரியவில்லை, அவர்கள்மீது கோபம் வேண்டாம். ஆனால் அவர்களுடைய வார்த்தையை வகுப்புக்குள் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் கூசினால் நாற்பது பிள்ளைகளும் கூசுவார்கள்.

அதற்காக, நம் ஆங்கிலம் இப்படியே இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் தன் ஆங்கிலத்தைத் தினமும் தீட்ட வேண்டும். எழுத்தும் பேச்சும் ஐரோப்பிய மொழித்தர அளவீட்டில் குறைந்தது பி2 நிலையில், அதாவது ஆறு படிகளில் நான்காவதில், உறுதியாக நிற்க வேண்டும் என்பது என் கருத்து. என்றாவது செல்ட்டாவுக்குப் போக எண்ணினால் அதற்கு அடுத்த படியான சி1 அளவை எதிர்பார்ப்பார்கள். ஒலி தெளிவாக இருக்க வேண்டும். லண்டன்காரர் போல இருக்கவேண்டியதில்லை.

வீட்டிலிருந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இலகுவல்ல. அந்தச் சந்தையில் மிகப் பெரிய பங்கு சீனப் பிள்ளைகளுடையதாக இருந்தது. 2021 ஜூலையில் சீன அரசு பாடசாலைக்கு வெளியேயான தனியார் வகுப்புகளுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு சீனப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்களை வேலைக்கு அமர்த்துவதையும் தடுத்தது. பெரிய நிறுவனங்களே அந்த வேலையை விட்டன. மற்றத் தளங்களில் சில இன்னமும் ஆசிரியரின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று பார்க்கின்றன. அது அநியாயம்தான், ஆனாலும் பணம் கட்டும் முன் தெரிந்திருக்க வேண்டிய உண்மை. உங்களுக்கு இதைவிட நெருக்கமான வாய்ப்பு ஒன்று இருக்கிறது: கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் நம் குடும்பங்களிடம் போகத் தயாராகும் உறவினர்கள், இங்கே நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள். அவர்களுக்கு உங்கள் கடவுச்சீட்டு எதற்கு? விளங்கும்படி சொல்லிக்கொடுக்கிறவர்தான் தேவை.

கொழும்பில் இந்தச் சான்றிதழ்களுக்கு என்ன மதிப்பு என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அரச பாடசாலை நியமனத்துக்கு இவை உதவா. அந்த வழி வர்த்தமானி அறிவித்தல், கல்வியியற் கல்லூரி, பட்டதாரி நியமனம் என்று வேறாகப் போகிறது. தனியார் பாடசாலைகளில் நான் நேர்முகத் தேர்வுக் குழுவில் இருந்தபோதெல்லாம், விண்ணப்பத்தில் வரிசையாக எட்டு இணையச் சான்றிதழ்கள் இருப்பதைப் பார்த்து நாங்கள் யாரும் அசைந்ததில்லை. மாதிரிப் பாடம் ஒன்றை நடத்தச் சொல்வோம். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 'அந்தப் பாடநெறியில் படித்ததை வகுப்பில் எப்படிப் பயன்படுத்தினீர்கள்?' என்று நான் வழக்கமாகக் கேட்பேன். வவுனியா வாக்கியத்தைப் போல ஓர் உதாரணத்தைச் சொல்கிறவருக்கு என் புள்ளி போகும்.

காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், ஒரு வருடம் கழித்து, கேம்பிரிட்ஜின் டிகேடி பரீட்சையைப் பற்றி விசாரியுங்கள். ஆசிரியருக்கான அறிவுப் பரீட்சை அது. மூன்று அடிப்படைப் பகுதிகள், ஒவ்வொன்றிலும் 80 நிமிடத்தில் 80 கேள்விகள். சித்தி, தோல்வி என்று இல்லை. ஒன்று முதல் நான்கு வரை ஒரு தரநிலை தருவார்கள். இலவசப் பாடநெறி ஒன்றை ஒழுங்காக முடித்தவருக்கு அதில் பெரும்பகுதி பழகிய விடயமாக இருக்கும். பட்டம் கையில் இருப்பதால் நாவலயில் இருக்கும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் ஆங்கிலக் கற்பித்தல் கற்கைகளையும் பாருங்கள். வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்காகவே அமைந்த இடம் அது. இந்நாட்டில் அதன் பெயருக்கு விளக்கம் சொல்ல வேண்டி வராது.

இன்னும் ஒரு விடயம். இந்தப் பாடநெறிகளின் உதாரணங்கள் லண்டன் நிலக்கீழ் ரயிலையும் வாடகை வீட்டையும் பனியையும் சுற்றி வரும். அப்படியே கொண்டுபோகாதீர்கள். இங்கே ஆங்கிலம் முழுக்க அந்நியமும் அல்ல. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் அதை அரசியலமைப்பில் இணைப்பு மொழி என்று எழுதிவைத்தது. கொட்டாஞ்சேனைப் பிள்ளை கடைப் பலகையில், மருந்துச் சீட்டில், அண்ணனின் கைத்தொலைபேசியில் தினமும் ஆங்கிலத்தைக் காண்கிறது. சிங்களமும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. மருந்துச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதை வாசிக்கத் தெரிந்த நாளில் அந்தப் பிள்ளை வீட்டில் அம்மம்மாவுக்கு எத்தனை குளிசை என்று சொல்லும், அந்த வீட்டில் உங்கள் ஆங்கிலத்தைப் பற்றி யாரும் வேறு பேச்சுப் பேச மாட்டார்கள்.

வருகிற வாரம் தரம் 8 வகுப்பைப் பதிவுசெய்யுங்கள். நீங்கள் பேசியது எத்தனை நிமிடம், பிள்ளைகள் பேசியது எத்தனை நிமிடம் என்று எனக்கு எழுதுங்கள். எண்ணிக்கை எப்படி வந்தாலும் மறைக்க வேண்டாம், என்னுடையது முப்பத்து மூன்று. கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை வாய் திறந்ததா என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்